ஏரித் தெய்வத்தை அச்சிட்ட பெண்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

நைஜீரிய எழுத்தாளர் ஃப்ளோரா நுவாப்பா என்றதும் இலக்கியம் படித்தவர்கள் ‘எஃபுரு’ என்பார்கள். 1966இல் லண்டன் ஹைன்மன் நிறுவனம் தன் ஆப்பிரிக்க எழுத்தாளர் வரிசையில் வெளியிட்ட நாவல் அது. அந்த வரிசையில் இடம்பெற்ற முதல் ஆப்பிரிக்கப் பெண் அவர்தான். கையெழுத்துப் பிரதியைப் படித்துப் பாராட்டி, லண்டனுக்கு அனுப்பத் தபால் செலவுக்கும் பணம் தந்தவர் நைஜீரிய நாவலாசிரியர் சினுவா அச்செபே. இது எல்லா மேடையிலும் சொல்லப்படும் கதை. எனக்கு இன்று வேலை இன்னொரு நுவாப்பாவிடம்: குழந்தைகளுக்குக் கலரிங் புத்தகம் போட்டு விற்ற நுவாப்பா.

அவர் ஊர் தென்கிழக்கு நைஜீரியாவில் உள்ள ஒகுட்டா. 1931இல் அங்கே பிறந்தார். ஊரை ஒட்டி நீல ஏரி. அதைத் தொட்டுக்கொண்டு ஓடுகிறது பழுப்பு நிற உராஷி ஆறு. சேருமிடத்தில் இரு நிறமும் கலக்காமல் சற்றுத் தூரம் தனித்தனியே ஓடுவதைக் கரையிலிருந்தே பார்க்கலாம். ஏரிக்குள் ஒரு பெண் தெய்வம் இருக்கிறாள், பெயர் உஹாமிரி. அந்தப் பகுதியில் வாழும் இக்போ மக்களுக்கு நான்கு நாள் கொண்டது ஒரு வாரம்; அதில் ஓரியே என்ற நாளில் ஏரியில் வலை வீசக் கூடாது. செல்வமும் அழகும் தருவாள், பிள்ளை மட்டும் தர மாட்டாள். ‘எஃபுரு’ முடிகிற இடத்தில் நிற்கும் கேள்வியே இதுதான்: தாய்மையை அறியாத தெய்வத்தைப் பெண்கள் ஏன் வணங்குகிறார்கள்? பதிமூன்று ஆண்டுகள் கழித்து, 1979இல், அதே ஏரித் தெய்வத்தை ‘மாமிவாட்டர்’ என்ற சிறுவர் நூலுக்குள் கொண்டுவருகிறார் நுவாப்பா. பிள்ளை இல்லாதவளுக்கு ஊரிலுள்ள பிள்ளைகளையெல்லாம் வாசகராக்கிக் கொடுத்துவிட்டார் என்று எனக்குத் தோன்றும். அவர் அப்படி நினைத்தாரா என்பது வேறு விஷயம்.

இடையில் ஒரு போர் நடந்தது. கிழக்கு நைஜீரியா பியாஃப்ரா என்று தனி நாடாகப் பிரிந்ததால் 1967 முதல் 1970 வரை நடந்த பியாஃப்ரா போர். லாகோஸ் பல்கலைக்கழகத்தில் உதவிப் பதிவாளராக இருந்தவர் வேலையை விட்டுவிட்டுக் கிழக்கே திரும்பினார். போர் முடிந்ததும் கிழக்கு மத்திய மாநில அரசு அவரைச் சுகாதாரம், சமூக நலத் துறைக்கு அமைச்சர் நிலையில் ஆணையராக்கியது. கையில் வந்த முதல் பொறுப்புகளில் ஒன்று, ஏறத்தாழ 2,000 அனாதைக் குழந்தைகளுக்கு வீடு தேடித் தருவது. பிறகு நில அளவை, நகர்ப்புற வளர்ச்சித் துறையையும் பார்த்தார். பதவிக் காலம் முடிந்ததும் எனுகு நகரில் தானா பிரஸ் என்று ஓர் அச்சகம், 1977இல் தன் பெயரிலேயே ஒரு பதிப்பகம். அமைச்சராக இருந்தவர் அச்சு மையைத் தொட்டது ஊரில் பலருக்கு விசித்திரமாகத்தான் இருந்திருக்கும்.

ஏன் தொட்டார்? இரண்டு காரணம் சொல்லலாம். ஹைன்மன் தன் நூல்களைச் சரியாக விற்கவில்லை, நைஜீரியக் கடைகளுக்குப் போதிய பிரதி வரவில்லை என்ற மனக்குறை அவருக்கு இருந்தது. இன்னொன்று சந்தை. 1976இல் நைஜீரியா அனைவருக்கும் இலவசத் தொடக்கக் கல்வி என்று அறிவித்தது. வகுப்பறைகள் நிரம்பி வழிந்தன. பாடப்புத்தகச் சந்தையோ லாங்மன், மேக்மில்லன் போன்ற பிரிட்டிஷ் நிறுவனங்களின் கையில். பாடத்துக்கு வெளியே ஒரு நைஜீரியப் பிள்ளை எடுத்துப் படிக்க என்ன இருந்தது? அந்த இடைவெளியில்தான் இவர் கடை போட்டார்.

போட்ட புத்தகங்களைப் பாருங்கள். ‘மை தானா கலரிங் புக்’ இருக்கிறது. ‘தி மிராக்கிள் கிட்டன்ஸ்’ இருக்கிறது. எனக்குப் பிடித்தது 1980இல் வந்த ‘ஜர்னி டு ஸ்பேஸ்’: மாடிக் குடியிருப்பின் லிஃப்ட்டில் ஏறுகிற பிள்ளைகளை அது விண்வெளிக்கே தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. ராக்கெட்டுக்காக அமெரிக்கா வரை போகவில்லை. நகரத்துப் பிள்ளை தினமும் பித்தான் அழுத்துகிற பெட்டி போதும். ஏரித் தெய்வமும் லிஃப்ட்டும் ஒரே பட்டியலில் இருப்பதை அவர் முரணாகவே கருதவில்லை. நாட்டார் கதை மட்டும்தான் ஆப்பிரிக்கக் குழந்தைக்கு உரியது என்று வெளியிலிருந்து உபதேசம் செய்தவர்களுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் தொழில் சுலபமாக இருக்கவில்லை. எண்ணெய் விலை சரிந்தது. 1986இல் பொருளாதாரச் சீரமைப்பு என்ற பெயரில் நைஜீரிய நாணயமான நைராவின் மதிப்பு விழுந்தது. இறக்குமதிக் காகிதத்தை நம்பிய எல்லாப் பதிப்பாளருக்கும் அது பேரிடி. வண்ணப்படம் போடுகிறவருக்கு இரட்டை இடி. எழுதுவது, அச்சடிப்பது, கட்டுப் பிரித்து அனுப்புவது, பணம் வசூலிப்பது எல்லாமே சின்ன நிறுவனத்தில் கடைசியில் ஒருவர் தலையில்தான் வந்து விழும். இங்கே பதிப்பாளர்கள் சிலர் தலையாட்டுவது தெரிகிறது.

1992இல் அமெரிக்காவின் ஆப்பிரிக்கா வேர்ல்ட் பிரஸ் அவருடைய நூல்களை மறுபதிப்புச் செய்தது. நாவல்கள் மூன்று, சிறுகதைத் தொகுப்புகள் இரண்டு. நல்ல காரியம். மறு ஆண்டு அக்டோபரில் எனுகுவில் நுவாப்பா காலமானார், வயது 62. அந்த ஐந்தையும் பல்கலைக்கழக நூலகங்களில் இன்றும் பார்க்கலாம். பூனைக்குட்டிகளும் லிஃப்ட்டும் அந்தக் கப்பலில் ஏறவில்லை. நூலகர்கள் சிலர் முன்வரிசையில் இருப்பதால் கேட்டுவைக்கிறேன்: அடுத்த முறை ‘எஃபுரு’வுக்கு ஆர்டர் போடும்போது, ‘மாமிவாட்டர்’ பழைய பிரதி எங்காவது கிடைக்குமா என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்.