கவரிங் சங்கிலி மாதிரி கறுத்துப்போகுமா?

அடுத்த கேள்வி களியக்காவிளையிலிருந்து ஒரு சகோதரி அனுப்பியது. இரண்டு நாளாக இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவருடைய அப்பாவுக்குப் பாறசாலையில் பல் இம்ப்ளாண்ட் வைத்திருக்கிறார்கள். டாக்டர் மலையாளத்தில் நிறைய விளக்கியிருக்கிறார், அப்பாவுக்குப் பிடிபட்டது 'கோட்டிங்' என்ற ஒரு சொல்தான். கண்ணாடியில் பார்த்தால் ஈறுக்கு நடுவே தங்க நிறம். "முலாம் பூசியதா? கவரிங் சங்கிலி மாதிரி ஒரு வருஷத்தில் கறுத்துப்போகுமா?" என்று கேட்கிறாராம்.

இம்ப்ளாண்ட் என்றால் எலும்பில் திருகும் ஒரு ஸ்க்ரூவும், அதன்மேல் ஈறு வழியே எழும் இணைப்புத் துண்டும். அப்பா கண்ணாடியில் பார்ப்பது அந்த டைட்டானியத் துண்டைத்தான். தங்கம் இல்லை, கறுக்கவும் செய்யாது. அந்த நிறம் இரண்டு வழியில் வரும். ஒன்று டைட்டானியம் நைட்ரைடு. வெற்றிட அறையில் டைட்டானியத்தை நைட்ரஜனோடு சேர்த்துச் சில மைக்ரான் கனத்துக்குப் படியவைப்பார்கள். டிரில் பிட்டில் பொன்னிறம் பார்த்திருப்பீர்களே, அதே பொருள்தான். நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்களுக்குச் செயற்கை முழங்கால் மூட்டிலும் இதைப் பூசுவது உண்டு.

இன்னொன்று அனோடைசிங். எனக்கு இதுதான் பிடித்தது, ஏனென்றால் வெளியிலிருந்து எதையும் பூசுவதே இல்லை. கரைசலில் முக்கி மின்சாரம் கொடுத்தால் டைட்டானியத்தின் மேல் இருக்கும் ஆக்சைடுத் தோல் தடிக்கும். திருவனந்தபுரத்தில் நண்பர் ஒருவரின் ஆய்வகத்தில் பார்த்தேன். வோல்ட்டேஜ் ஏற ஏற, அந்தச் சின்னத் தகடு வெண்கல நிறமாகி, ஊதாவாகி, நீலமாகி, 60 வோல்ட் பக்கம் வந்ததும் பொன்னாகிவிட்டது. சாயம் ஒரு துளி கிடையாது. மழைத் தண்ணீரில் எண்ணெய் படர்ந்தால் நிறம் நிறமாகத் தெரிகிறதே, அதே சங்கதி. மெல்லிய ஈறு வழியே உலோகத்தின் சாம்பல் நிறம் தெரியக் கூடாது என்றுதான் இந்தப் பொன்னிறம். நாளானால் கொஞ்சம் மங்கலாம். அதனால் கெடுதல் இல்லை, அடியில் இருப்பதும் டைட்டானியம்தான்.

சரி, எலும்புக்குள் இருக்கும் ஸ்க்ரூவைப் பற்றி யாரும் கேட்பதில்லையே! அது பெரும்பாலும் துகள் அடித்து, அமிலத்தில் அரித்துச் சொரசொரப்பாக்கியது. தனியாகப் பூச்சு இல்லை. அப்படியானால் எலும்பு எதைத் தொடுகிறது? உலோகத்தை அல்ல, ஆக்சைடைத் தொடுகிறது. டைட்டானியத்தைச் சீவிய கணமே காற்றிலிருந்து அந்தத் தோலைப் போர்த்திக்கொள்ளும். சில நானோமீட்டர் கனம்தான். நம் மணவாளக்குறிச்சிக் கருமணலை எடுங்கள். அதில் உள்ள இல்மனைட் என்ற தாதுவில் டைட்டானியம் ஆக்சிஜனோடுதான் கிடக்கிறது. குளோரின், உலை என்று படாத பாடு பட்டு ஆக்சிஜனைப் பிரித்து உலோகமாக்குகிறோம், வெளியே வந்ததும் அது மறுபடி ஆக்சிஜனைக் கட்டிக்கொள்கிறது! 1952 வாக்கில் சுவீடனில் பிரோனமார்க் என்ற மருத்துவ ஆய்வாளர் முயலின் எலும்பில் வைத்த டைட்டானியக் கருவியைத் திரும்ப எடுக்கப் பார்த்தார், எலும்பு விடவில்லை. 1965இல் மனிதருக்கே பல் வைத்தார். எல்லாம் அந்தத் தோலின் தயவு.

உரிந்துவிடுமோ என்ற பயத்துக்கு நியாயம் இருந்தது வேறொரு பூச்சில். எலும்பில் இருக்கும் தாதுவைப் போன்ற ஹைட்ராக்சி அபடைட்டை, பிளாஸ்மா சுடரில் உருக்கி அடிப்பார்கள். 50 மைக்ரானுக்கு மேல் கனம். இடுப்பு மூட்டில் 1980களிலிருந்து நன்றாகவே நிற்கிறது. பல்லில் இந்தத் தடித்த பூச்சு உரியும் என்ற கவலையால் பலரும் விட்டுவிட்டார்கள்.

அப்பாவிடம் ஒன்று சொல்லுங்கள். பல் கிளீனிங்குக்கு வேறு டாக்டரிடம் போனால், இம்ப்ளாண்ட் இருப்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எஃகுக் கருவியால் சுரண்டினால் கீறல் விழும், இதற்கென்று பிளாஸ்டிக் கருவி இருக்கிறது.