பாலக்லாவாவிலிருந்து பத்து கிலோமீட்டர்

[திரையில்: மார்கழிக் காலை. டீக்கடை பெஞ்சில் மங்கி குல்லா போட்ட ஒரு பெரியவர்.]

மார்கழி பிறந்தால் போதும், நம்ம ஊரில் மங்கி குல்லா வெளியே வந்துவிடும். இந்தக் குல்லாவுக்கு ஆங்கிலத்தில் 'பாலக்லாவா' என்று பெயர். கருங்கடல் ஓரத்தில், கிரிமியாவில் இருக்கும் ஒரு குட்டித் துறைமுகத்தின் பெயர் அது. முன்பக்கம் பட்டன் வைத்த ஸ்வெட்டரைக் 'கார்டிகன்' என்கிறோம். கழுத்திலிருந்தே கை இறங்குகிற மாதிரி தைத்த டி-ஷர்ட்டை 'ராக்லன்' என்று துணிக்கடையில் விற்கிறார்கள். கார்டிகன், ராக்லன் இருவருமே பிரிட்டிஷ் பிரபுக்கள். 1854-ல் அந்தத் துறைமுகத்தை நம்பிச் சண்டைக்குப் போனவர்கள்.

குளிர்காலத் துணிகளுக்கு இத்தனை பெயர் கொடுத்த அந்தப் படையிடம், குளிருக்குப் போட்டுக்கொள்ளத் துணி இல்லை.

[திரையில்: கருங்கடல் வரைபடம். செவஸ்டோபோல், பாலக்லாவா மீது புள்ளிகள்.]

போர் எதற்கு என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1853-ல் ரஷ்யாவும் துருக்கியின் ஒட்டோமான் பேரரசும் மோதிக்கொண்டன. ஒட்டோமான் சரிந்தால் ரஷ்யா மத்தியதரைக் கடல் வரை வந்துவிடும், அப்புறம் இந்தியாவுக்குப் போகும் வழிக்கே ஆபத்து என்று லண்டன் பயந்தது. 1854 மார்ச்சில் பிரிட்டனும் பிரான்சும் ரஷ்யா மீது போர் அறிவித்தன. கிரிமியாவின் செவஸ்டோபோல் நகரில் இருந்த ரஷ்யக் கடற்படைத் தளத்தைப் பிடிப்பதுதான் குறி.

பிரிட்டிஷ் படைத்தலைவர் ராக்லன் பிரபு. வயது அறுபத்தைந்து. 1815-ல் வாட்டர்லூவில் வலது கையை இழந்தவர். வீரத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் அதுவரை ஒரு படைக்குத் தலைமை தாங்கிப் போர்க்களம் போனதே இல்லை. எதிரியைப் பற்றிப் பேசும்போது பழக்க தோஷத்தில் 'பிரெஞ்சுக்காரர்கள்' என்று சொல்லிவிடுவாராம். பக்கத்தில் நிற்கும் கூட்டாளிகளே பிரெஞ்சுக்காரர்கள்தான். அந்தச் சங்கடத்தை நீங்களே நினைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

செப்டம்பர் 14-ஆம் தேதி கிரிமியாவில் இறங்கினார்கள். முதல் இரவு கூடாரம் இல்லை, நல்ல மழை. 20-ஆம் தேதி ஆல்மா ஆற்றங்கரையில் ரஷ்யர்களை முறியடித்தார்கள். கையோடு செவஸ்டோபோலுக்குள் புகுந்திருக்கலாமா என்பது இன்றைக்கும் ஓயாத விவாதம். புகவில்லை. சுற்றி வளைத்து முற்றுகையிட்டார்கள்.

[திரையில்: குதிரைப்படை பாயும் பழைய ஓவியம்.]

கிரிமியப் போர் என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது அக்டோபர் 25-ஆம் தேதி நடந்த, லைட் பிரிகேடு என்ற இலகு குதிரைப்படைப் பிரிவின் பாய்ச்சல். ராக்லன் குன்றின் உச்சியில் நின்றார். மேட்டில் இருந்த சில பீரங்கிகளை ரஷ்யர்கள் இழுத்துப் போவது அங்கிருந்து அவருக்குத் தெரிந்தது. அதைத் தடுக்கச் சொல்லி ஒரு சீட்டு அனுப்பினார். கீழே பள்ளத்தாக்கில் இருந்த குதிரைப்படைத் தலைவர் லூகன் பிரபுவின் கண்ணுக்கு அந்தப் பீரங்கிகள் தெரியவே இல்லை. சீட்டு கொண்டுவந்த கேப்டன் நோலன் பொத்தாம்பொதுவாகக் கையை நீட்டிக் காட்டினார். லூகனுக்கும் லைட் பிரிகேடு தலைவர் கார்டிகனுக்கும் ஏற்கெனவே ஆகாது. மைத்துனர்கள்தான், ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கப் பிடிக்காது. நின்று நிதானமாகப் பேசித் தெளிவுபடுத்திக்கொள்ள யாரும் இல்லை. சுமார் 670 பேர் தவறான பீரங்கிகளை நோக்கி, மூன்று பக்கமும் குண்டு பொழிய, பாய்ந்தார்கள். 110 பேர் அளவில் இறந்தார்கள். முதலில் விழுந்தவர்களில் நோலனும் ஒருவர். சென்னை மாகாண கவர்னருக்கு உதவி அதிகாரியாக இருந்தவர் அவர்.

இந்தக் காட்சிக்குப் பாட்டு உண்டு, ஓவியம் உண்டு. ஆனால் கணக்கைப் பாருங்கள்.

[திரையில்: எண்கள் ஒவ்வொன்றாக.]

இந்தப் போரில் இறந்த பிரிட்டிஷ் வீரர்கள் சுமார் 21,000 பேர். களத்திலேயே கொல்லப்பட்டவர்கள் ஏறக்குறைய 2,750. காயம்பட்டு அப்புறம் இறந்தவர்கள் 2,000 சொச்சம். மீதி 16,000-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது காலரா, வயிற்றுப்போக்கு, ஸ்கர்வி, குளிர். அதனால் பீரங்கியை இத்துடன் விட்டுவிட்டு, ஒரு சாலையைப் பற்றிப் பேசப் போகிறேன்.

[திரையில்: சேற்றில் புதைந்த வண்டிச் சக்கரம்.]

சரக்குக் கப்பல் வந்து நிற்பது பாலக்லாவாவில். வீரர்கள் முகாமிட்டிருந்தது செவஸ்டோபோலுக்கு எதிரே இருந்த மேட்டில். நடுவே சுமார் 10 கிலோமீட்டர். நவம்பர் 14-ஆம் தேதி பெரும்புயல் அடித்தது. கூடாரங்கள் பறந்தன. குளிர்கால உடைகளோடு வந்து துறைமுகத்துக்கு வெளியே நின்ற 'பிரின்ஸ்' என்ற கப்பல் மூழ்கியது. அதற்குப் பிறகு பெய்த மழையில் அந்த வண்டிப்பாதை முழங்கால் ஆழச் சேறாகிவிட்டது. தீவனம் இல்லாமல் குதிரைகள் செத்தன. குதிரை இல்லாததால் தீவனம் மேலே போகவில்லை. கடைசியில், இரவெல்லாம் பதுங்குகுழியில் காவல் நின்ற சிப்பாயே காலையில் துறைமுகம் வரை நடந்துபோய்த் தன் ரேஷனைச் சுமந்துவர வேண்டியதாயிற்று.

அந்த ரேஷனில் காப்பி இருந்தது. சந்தோஷம்தானே? அது பச்சைக் காப்பிக்கொட்டை! வறுத்த தூள் கடல் ஈரத்தில் கெட்டுவிடும், கொட்டையாகவே அனுப்புவோம் என்று முடிவெடுத்திருந்தார்கள். லண்டன் அலுவலக மேஜையில் வைத்துப் பார்த்தால் நியாயமான முடிவுதான். சிப்பாய் என்ன செய்வான்? முதலில் விறகு தேட வேண்டும். மரம், புதர் எல்லாம் ஏற்கெனவே வெட்டியாகிவிட்டது. மண்ணைத் தோண்டி வேரைப் பிடுங்குவான். ஈர வேர் புகையும், எரியாது. ரேஷன் தகரத்தில் கொட்டையைப் போட்டுக் கருக்குவான். வெடித்துச் சிதறிய குண்டின் ஓடுதான் உரல், பீரங்கிக் குண்டு குழவி. அதில் நசுக்கிக் கொதிக்கவைப்பதற்குள் அடுத்த காவலுக்குக் கூப்பிட்டுவிடுவார்கள். பலர் காப்பியே வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். உப்புப் பன்றிக்கறியையும் சமைக்க வழியில்லாமல் பச்சையாகவே தின்றார்கள்.

இதைவிட எனக்கு ஆத்திரம் வருவது எலுமிச்சைச் சாற்றுக் கதையில்தான். வீரர்களுக்கு ஸ்கர்வி, ஈறு வீங்கிப் பல் ஆடுகிறது. அதற்கு எலுமிச்சைச் சாறு மருந்து என்பது பிரிட்டிஷ் கடற்படைக்குப் பல பத்தாண்டுகளாகத் தெரியும். சாறு டிசம்பரிலேயே பாலக்லாவாவுக்கு வந்துவிட்டது. தினசரி ரேஷன் பட்டியலில் அது இல்லை என்பதால் பிப்ரவரி வரை யாரும் கொடுக்கவில்லை. கார்டிகன் அந்த நாட்களில் எங்கே தூங்கினார் என்கிறீர்களா? துறைமுகத்தில் நின்ற தன் சொந்த உல்லாசப் படகில். டிசம்பரில் உடம்பு சரியில்லை என்று ஊருக்கே போய்விட்டார்.

[திரையில்: ஒட்டக வரிசை, மாட்டு வண்டிகள்.]

உலகம் முழுக்கக் கப்பல் ஓட்டிய நாடு, கடைசிப் பத்து கிலோமீட்டரில் எப்படிச் சிக்கியது? ராணுவத்துக்கென்று ஒரு வண்டிப் படை முன்பு இருந்தது. நெப்போலியன் போர் முடிந்து அமைதி வந்துவிட்டது, இனி எதற்கு வெட்டிச் செலவு என்று 1833-ல் அதைக் கலைத்துவிட்டார்கள். உணவு, தீவனம் வாங்கும் துறையோ ராணுவத்தின் கையிலேயே இல்லை. கஜானாவைப் பார்த்துக்கொள்ளும் கருவூலத்தின் கீழ் இருந்தது.

இத்தனைக்கும் மூட்டை முடிச்சோடு படை நடத்தத் தெரிந்த பிரிட்டிஷ் அதிகாரிகள் அப்போது இல்லாமல் இல்லை. இந்தியாவில் காளை, ஒட்டகம், கூலியாட்கள், பின்னால் நகரும் கடைத்தெரு என்று ஒரு சின்ன ஊரையே கூட்டிக்கொண்டு படை நடத்தியவர்கள் இருந்தார்கள். சிந்துவில் சார்லஸ் நேப்பியர் என்ற படைத்தலைவர் ஒட்டகங்களை வைத்துத் தனிச் சரக்குப் படையே அமைத்தார். ஆனால் லண்டன் மேட்டுக்குடி அதிகாரிகளுக்கு 'இந்திய ஆபீசர்' என்றால் இளக்காரம். கார்டிகன் தன் ரெஜிமெண்டில் அப்படிப்பட்டவர்களை மட்டம் தட்டியதற்குப் பேர்போனவர். அன்றைக்கு அதிகாரிப் பதவியைக் காசு கொடுத்து வாங்கலாம். பணமுள்ளவன் மேலே, பழகியவன் கீழே. அந்த வழக்கம் 1871 வரை ஒழியவில்லை.

[திரையில்: பழைய செய்தித்தாள் பக்கம்.]

'தி டைம்ஸ்' நிருபர் வில்லியம் ரஸ்ஸல் களத்திலிருந்து இதையெல்லாம் எழுதினார். ஊரில் கொந்தளிப்பு. விசாரணை வேண்டும் என்ற தீர்மானம் நாடாளுமன்றத்தில் 305-க்கு 148 என்று நிறைவேறி, பிரதமர் அபர்டீனின் அரசு கவிழ்ந்தது. இஸ்தான்புல்லை ஒட்டிய ஸ்குட்டாரியின் ராணுவ மருத்துவமனையில் நர்ஸ் நைட்டிங்கேல் விளக்கோடு நடந்த கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்: அவர் 1854 நவம்பரில் வந்த பிறகும் அந்தக் குளிர்காலம் முழுக்க அங்கே சாவு ஏறிக்கொண்டேதான் போனது. மார்ச்சில் சுகாதாரக் குழு வந்து கட்டடத்துக்கு அடியில் கிடந்த சாக்கடையைச் சுத்தம் செய்த பிறகுதான் நன்றாக இறங்கியது.

பத்து கிலோமீட்டரை உடைத்தது தண்டவாளம். பீட்டோ, பிராஸி, பெட்ஸ் என்ற ஒப்பந்தக்காரர்கள், லாபம் வேண்டாம் என்று சொல்லி, இங்கிலாந்திலிருந்து ரயில்பாதைத் தொழிலாளர்களைக் கூட்டிவந்தார்கள். பிப்ரவரியில் வேலை தொடங்கி ஏழு வாரத்தில் பாதை மேட்டைத் தொட்டுவிட்டது. குண்டு மேலே போயிற்று, நோயாளிகள் கீழே வந்தார்கள். கூடவே, 1833-ல் கலைத்த வண்டிப் படையை வேறு பெயரில் மறுபடி உருவாக்கினார்கள். அதற்குத் தலைவராக வந்தவர் கர்னல் மக்மர்டோ. சிந்துவில் நேப்பியரிடம் வேலை பார்த்தவர், அவருடைய மருமகன். கடைசியில் ஒரு 'இந்திய ஆபீசர்'தான் வர வேண்டியிருந்தது.

[திரையில்: பனியில் மரக் குடில்கள், புகைபோக்கியில் புகை.]

ராக்லன் 1855 ஜூனில் முகாமிலேயே இறந்தார். செப்டம்பர் 8-ஆம் தேதி, செவஸ்டோபோலைக் காத்த மலாக்கோவ் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்கள். அதே நாளில் ரெடான் என்ற கோட்டையைத் தாக்கிய பிரிட்டிஷ்காரர்கள் தோற்றுத் திரும்பினார்கள். ஆனாலும் செவஸ்டோபோல் விழுந்தது. சமாதான ஒப்பந்தம் 1856 மார்ச்சில்தான் கையெழுத்தானது என்பதால் இன்னொரு குளிர்காலத்தையும் அங்கேயே கழிக்க வேண்டியிருந்தது. இந்த முறை பிரிட்டிஷ் சிப்பாய்க்கு மரக் குடில் இருந்தது, கம்பளி இருந்தது, சாப்பாடு நேரத்துக்கு வந்தது. முதல் குளிர்காலத்தில் இவர்களைவிட ஒழுங்காக இருந்தது பிரெஞ்சு முகாம். இந்தக் குளிர்காலத்தில், டைஃபஸ் என்ற தொற்றுக் காய்ச்சலில் ஆயிரக்கணக்கில் செத்துக்கொண்டிருந்தது அவர்கள்.