மெமரி ஃபுல்லும் கழுத்து வலியும்

நேயர்களுக்கு வணக்கம்.

மும்பையில் மாட்டுங்கா, சயான் கோலிவாடா, தாராவி பக்கம் இருக்கும் நம் தமிழ்ப் பெரியவர்களுக்குக் கம்ப்யூட்டரும் செல்போனும் சொல்லிக்கொடுத்து வருகிறேன். வகுப்புக்கு வருபவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "நான் எதையாவது தொட்டு, கெட்டுப் போயிடுமா தம்பி?" போன் நின்றுபோனால் தன் விரல் மேல் சந்தேகம். பாங்கில் வேலை நடக்கவில்லை என்றால் தனக்குப் படிப்பில்லை என்ற வருத்தம். கண் எரிந்தால், வயசாகிவிட்டது என்ற முடிவு. இயந்திரத்தின் குறைகளை எல்லாம் இவர்கள் தங்கள் கணக்கில் எழுதிக்கொள்வது எனக்குப் பொறுக்கவில்லை. நாலைந்து அடிப்படைச் சொற்கள் தெரிந்தால் போதும். எது இயந்திரத்தின் கோளாறு, எது நம் உடம்பு கேட்கும் ஓய்வு என்று பிரித்துப் பார்த்துவிடலாம்.

கம்ப்யூட்டருக்குள் போகும் எல்லாமே கடைசியில் 0, 1 என்ற இரண்டு நிலைகள்தான். அப்படி ஒரு 0 அல்லது 1, அதுதான் பிட். 8 பிட் சேர்ந்தால் 1 பைட். ஆங்கில எழுத்து ஒன்றைச் சேமிக்க 1 பைட் போதும். எழுத்துகளை எண்களாக மாற்றிச் சேமிக்க இன்று பரவலாக இருக்கும் யூனிகோட் யூடிஎஃப்-8 முறையில் நம் 'க'வுக்கு 3 பைட் வேண்டும். 'கி' என்றால் மேல் வளைவையும் சேர்த்து 6.

இதே மும்பையில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் தானே வடிவமைத்துக் கட்டிய டிஃப்ராக் என்ற கம்ப்யூட்டர் 1960-இல் வேலை செய்யத் தொடங்கியது. அந்தக் குழுவை நடத்தியவர் ஆர். நரசிம்மன், கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்துவிட்டு வந்தவர். மாட்டுங்காவில் இந்தப் பெயரைச் சொன்னால் இன்று எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்? தெரிந்திருக்க வேண்டும். வெற்றிடக் குழாய்கள் நிறைந்த அந்தப் பெரிய இயந்திரத்தின் நினைவகம் 40 பிட் நீளத்தில் 2,048 இடங்கள். கணக்குப் போட்டால் வெறும் 10 கிலோபைட், அதாவது சுமார் 10 ஆயிரம் பைட். நான் இப்போது படிக்கும் இந்த உரைகூட முழுதாக அதில் அடங்காது. அதை வைத்துக்கொண்டுதான் விஞ்ஞானிகள் தங்கள் ஆராய்ச்சிக் கணக்குகளைப் போட்டார்கள். உங்கள் கையில் இருக்கும் போனில் ரேம் என்ற நினைவகம் 4 ஜிபி, அதாவது 400 கோடி பைட்டுக்கும் மேல் என்றால், அது டிஃப்ராக்கைப் போல 4 லட்சம் மடங்குக்கும் மேல்.

அப்படியிருந்தும் போன் ஏன் திணறுகிறது? ரேம் என்பது வேலை செய்யும் மேஜை. ஸ்டோரேஜ் என்பது அலமாரி. ஒரே சமயத்தில் பத்து ஆப்பைத் திறந்து வைத்தால் மேஜையில் இடம் இருக்காது, போன் மெதுவாகிவிடும். மின்சாரம் போனால் மேஜையில் இருப்பது மறைந்துவிடும், அலமாரியில் இருப்பது தங்கும். சேவ் செய்வது என்றால் மேஜையிலிருந்து அலமாரிக்கு மாற்றுவதுதான். நம் பெரியவர்கள் 'மெமரி ஃபுல்' என்று கொண்டுவரும் போனில் பெரும்பாலும் நிறைந்திருப்பது ஸ்டோரேஜ். வாட்ஸ்அப்பில் வந்த காலை வணக்கப் படங்களும் கோயில் வீடியோக்களும் அதில் குவிந்திருக்கும். தேவையில்லாததை அழித்தால் சரி. 'ஃபுல்' என்று காட்டியதற்காக மட்டும் புது போன் வாங்க வேண்டியதில்லை.

அப்புறம் சர்வர். பாங்க் கவுன்ட்டரில் இருப்பவர் முன்னால் உள்ள கம்ப்யூட்டரில் உங்கள் கணக்கு இல்லை. அது வேறு எங்கோ, எல்லாக் கிளைகளுக்கும் பொதுவான பெரிய கம்ப்யூட்டர்களில் இருக்கிறது. அந்தப் பெரிய கம்ப்யூட்டர்தான் சர்வர். இடையில் இருக்கும் இணைப்பு அறுந்தால் கவுன்ட்டர்க்காரராலும் ஒன்றும் செய்ய முடியாது. வரிசையில் நிற்பவரின் கோபமும் உள்ளே இருப்பவரின் இயலாமையும் மோதிக்கொள்வதைப் பார்த்தால் மனசு கஷ்டப்படுகிறது. இரண்டு பேருமே காரணம் இல்லை.

விரல் ரேகை விஷயம் இதைவிடக் கொடுமையானது. தாராவியில் தோல் வேலை செய்தவர்கள், பாத்திரம் தேய்த்தே காலம் தள்ளியவர்கள், சிமென்ட் கலந்தவர்கள்: இவர்கள் விரல் நுனியில் ரேகை தேய்ந்திருக்கும். வயதானாலும் தோல் உலர்ந்து ரேகை மங்கும். ரேஷன் கடை இயந்திரத்துக்கு அந்த ரேகை பிடிபடவில்லை என்றால், பாட்டி தான் ஏதோ தப்பு செய்தவள் போலக் கூனிக் குறுகி நிற்கிறாள். உழைத்த கைக்கு அந்த அவமானம் எதற்கு? ஆதார் சரிபார்ப்புக்குக் கருவிழி, முகம், போனுக்கு வரும் ஓடிபி என்று வேறு வழிகளும் உண்டு. ஆதார் பொருந்தவில்லை என்ற காரணத்துக்காக மட்டும் ரேஷன் மறுக்கக்கூடாது என்று மத்திய உணவுத் துறை 2017-லேயே மாநிலங்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. "வேற வழியில செஞ்சு குடுங்க" என்று தைரியமாகக் கேளுங்கள்.

சரி, உடம்புக்கு வருகிறேன். இந்த ஊருக்கு வந்த தமிழர்களில் ஒரு தலைமுறையே டைப்ரைட்டிங் லோயர், ஹையர், ஷார்ட்ஹேண்ட் பாஸ் செய்துவிட்டு ரயிலேறியவர்கள்தான். ஃபோர்ட் பகுதி ஆபீஸ்களில் அவர்கள் தட்டிய இயந்திரங்களில் பல கோத்ரெஜ் டைப்ரைட்டர்கள். 1955 முதல் இதே மும்பையில் செய்யப்பட்டவை. விரலுக்கு அது கடுமையான வேலை, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த இயந்திரம் ஆளைச் சும்மா உட்கார விடாது. வரி முடியப்போகிறது என்று மணி அடிக்கும். இடது கையை நீட்டி நெம்புகோலைத் தள்ள வேண்டும். பக்கம் முடிந்தால் தாளை உருவி, கார்பனை மாற்றி, புதிதாகச் சொருக வேண்டும். கண் நோட்டுக்கும் தாளுக்கும் போய்வந்துகொண்டே இருக்கும். முதுகை நிமிர்த்தி உட்காராவிட்டால் இன்ஸ்டிட்யூட் மாஸ்டர் விடமாட்டார்.

கம்ப்யூட்டரில் இந்த நிறுத்தங்கள் எல்லாம் போய்விட்டன. வரி தானாக மடங்குகிறது. பக்கம் முடிவதே இல்லை. அதனால் மூன்று மணி நேரம் அசையாமல் இருக்கிறோம், அசையாமல் இருப்பதே நமக்குத் தெரிவதில்லை. கைவிட்ட அந்த அசைவுகளை நாமேதான் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

கண் எரிவதற்கும் இதுதான் காரணம். சாதாரணமாக நிமிடத்துக்குச் சுமார் 15 தடவை இமைக்கிறோம். திரையைப் பார்க்கும்போது அது பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைகிறது. இமை மூடித் திறந்தால்தான் கண்ணீர் கண் முழுக்கப் பரவும். மேலே மின்விசிறி, எதிரே ஏசி என்றால் கண் இன்னும் சீக்கிரம் காயும். கண் மருத்துவர்கள் சொல்லும் வழி எளிது: 20 நிமிடத்துக்கு ஒரு முறை, 20 அடி தூரத்தில் உள்ள எதையாவது 20 விநாடி பாருங்கள். நம் ஒற்றை அறை வீட்டில் 20 அடி ஏது என்பீர்கள். ஜன்னலுக்கு வெளியே எதிர் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டியைப் பாருங்கள், போதும்.

இடம் இல்லாததால் பலர் கட்டிலிலோ தரையிலோ உட்கார்ந்து, மடியில் லேப்டாப்பை வைத்துக் குனிந்தபடி வேலை பார்க்கிறார்கள். நம் தலையின் எடை சுமார் 5 கிலோ. முன்னால் குனியக் குனிய, அதைத் தாங்கும் கழுத்துத் தசைகளுக்குச் சுமை கூடும். தடித்த புத்தகங்களை அடுக்கி அதன்மேல் லேப்டாப்பை வைத்து, தனிக் கீபோர்டு ஒன்றை இணைத்துக்கொண்டால் கழுத்து பிழைக்கும். கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் ராத்திரியில் மரத்துப்போனால் தள்ளிப்போடாமல் டாக்டரைப் பாருங்கள். மணிக்கட்டில் நரம்பு அழுத்தப்படுவதன் அறிகுறியாக இருக்கலாம்.

மேலும் கீழும் இரண்டு பவர் உள்ள கண்ணாடி போட்டவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். கீழ்ப்பகுதி வழியாகத் திரையைப் பார்க்கத் தலையைப் பின்னால் சாய்ப்பீர்கள், பிடரி வலிக்கும். உங்களுக்குத் திரை தாழ்வாக இருப்பதே நல்லது. புத்தக அடுக்கைக் குறைத்து வையுங்கள். அடுத்த முறை கண் டாக்டரிடம் போகும்போது, திரைக்கும் உங்கள் கண்ணுக்கும் நடுவே உள்ள தூரத்தை டேப்பால் அளந்து, ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். அந்தத் தூரத்துக்கென்றே தனிக் கண்ணாடி எழுதித் தருவார்.

நன்றி, வணக்கம்.