"பந்தை விட்டுக் கண்ணை எடுக்காதே!" எடுக்கிறவர்தான் நல்ல பேட்ஸ்மேன்

[திரையில்: பவுலர் கையை விட்டுப் பந்து கிளம்பும் நொடி, காட்சி உறைகிறது]

எல்லா கோச்சும் கத்துற வசனம்தான். ஆனா நல்ல பேட்ஸ்மேன் பந்துக்குப் பந்து கண்ணை எடுத்துடறார். அதுவும் அவருக்கே தெரியாம!

140 கிலோமீட்டர் வேகப் பந்து பேட்டுக்கு வர சுமார் அரை விநாடி. பேட்ஸ்மேன் தலையில கேமரா மாட்டி மைக்கேல் லேண்ட், பீட்டர் மெக்லியோட்ங்கிற ரெண்டு விஞ்ஞானிகள் 2000-ல ஆய்வு வெளியிட்டாங்க. பந்து கிளம்பறப்போ கண் அதுமேல. உடனே அதை விட்டுட்டு, குத்தப்போற இடத்துக்கு முந்தியே தாவிடுது. ஓடுற பஸ்சைத் துரத்தாம, குறுக்குச் சந்துல புகுந்து அடுத்த ஸ்டாப்புல நிக்கிற கணக்கு. கெட்டிக்காரர் சீக்கிரம் தாவறார், சுமாரானவர் லேட்டு.

தாவறது நமக்கு ஏன் தெரியல? வீடியோவை நிறுத்துங்க, கண்ணாடி முன்னாடி போங்க. இடது கண்ணைப் பாருங்க, அப்புறம் வலது கண்ணை. உங்க கண் அசையறது தெரிஞ்சுதா? தெரியாது! தாவுற நேரத்துல மூளை பார்வையை மட்டுப்படுத்திடும். இப்போ அதையே செல்ஃபி கேமராவுல பண்ணுங்க. படம் கொஞ்சம் தாமதமா வர்றதால, கண் ஓடறது அகப்படும்! எனக்கு இது அலுக்கவே அலுக்காது. உங்களுக்குத் தெரிஞ்சுதான்னு கமென்ட்ல போடுங்க.

[திரையில்: மூன்று டென்னிஸ் பந்துகள், சுண்ணாம்புக் கோடுகள்]

சரி, பயிற்சி. "கண்ணே, தாவு"ன்னு கட்டளை போட்டா காரியம் கெடும், அது தானா பழகணும். மூணு டென்னிஸ் பந்து, ஒவ்வொண்ணுலயும் பாதிப் பக்கத்துக்கு நிறம் அடிங்க: ஒண்ணுக்கு சிவப்பு, ஒண்ணுக்கு நீலம், ஒண்ணுக்கு கறுப்பு. சின்னப் புள்ளி வெச்சா சுழற்சியில மங்கிடும். 15 மீட்டர்ல இருந்து த்ரோடவுன், அதாவது ஒருத்தர் கையால பந்தை எறியணும். குத்தறதுக்கு முன்னாடி நிறத்தைச் சத்தமா சொல்லணும். குத்தின பிறகு சொன்னா, பார்த்தது எறியறவர் முகத்தை, கையை இல்ல.

அடுத்து, ஸ்டம்புல இருந்து 2, 4, 6, 8 மீட்டர்ல சுண்ணாம்புக் கோடு. பந்தை அடிக்காம விட்டுட்டு, எந்தக் கோட்டுப் பக்கம் குத்துச்சுன்னு சொல்லணும். எறியறவர் லெங்க்த்தை, அதாவது பந்து குத்தற தூரத்தை, மாத்திக்கிட்டே இருக்கணும். ஒரே இடத்துல போட்டா, கண் கணிக்காது, மனப்பாடம் பண்ணிடும்.

தலை? கண் முந்தித் தாவினாலும், மூக்கு பந்தைப் பார்த்தபடியே திரும்பணும். 2013-ல வந்த ஆய்வுல உச்ச நிலை பேட்ஸ்மேன்கள் தலையைப் பந்தோட சேர்த்தே திருப்பினாங்க.

பவுலிங் மெஷின்? ஷாட் பழக ஓகே. ஆனா மெஷினுக்குக் கை கிடையாது, பவுலரோட மணிக்கட்டைப் பார்த்துப் பந்தைக் கணிக்கிற பழக்கம் அங்க வராது.