ஊசி முனையும் அகன்ற முகடும்

நேயர்களுக்கு வணக்கம். சுவருக்கு அடிக்கும் வெள்ளை பெயின்டுக்கு வெண்மை தருவது டைட்டானியம் டை ஆக்சைடு. மணவாளக்குறிச்சிக் கருமணலில் கிடைக்கும் இல்மனைட்டிலிருந்தும் இதை எடுக்கலாம். இந்தப் பொடியைக் கொண்டு மலிவான சூரிய மின்கலம் செய்யலாம் என்று 1991-இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் ஓரீகன், கிராட்செல் என்ற இரு விஞ்ஞானிகள் காட்டினார்கள்.

வெள்ளைப் பொடி வெயிலைத் திருப்பி அனுப்பிவிடாதா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். இந்த ஆக்சைடின் அனடேஸ் என்ற படிக வகைக்கு ஆற்றல் இடைவெளி, அதாவது எலெக்ட்ரானை விடுவிக்க ஒளி தர வேண்டிய குறைந்தபட்ச ஆற்றல், 3.2 எலெக்ட்ரான் வோல்ட். புற ஊதாக் கதிரைத்தான் அது விழுங்கும். அதனால் வெயிலைப் பிடிக்கும் வேலை ஒரு சாயத்துக்கு. சாயம் உதறும் எலெக்ட்ரானை வாங்கிக் கடத்துவது மட்டுமே ஆக்சைடுக்கு. சாயமோ ஒரு மூலக்கூறு கனத்துக்கு ஒட்டினால்தான் நல்லது. வழவழப்பான பரப்பில் அவ்வளவு சாயம் கண்ணுக்கே தெரியாது. சுமார் 20 நானோமீட்டர் துகள்களை 10 மைக்ரோமீட்டர் உயரத்துக்கு அடுக்கினால், சாயம் ஒட்ட இடம் பல நூறு மடங்கு கூடிவிடும்.

இந்தத் துகள்களைச் செய்யத் தொடக்கப் பொருள் டைட்டானியம் ஐசோப்ரொபாக்சைடு. காற்றின் ஈரம் பட்டாலே திரிந்துவிடும் திரவம். ஐப்பசி மழையில் ஒருநாள் புட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் பிப்பெட் முனையில் வெள்ளைக் கட்டி. வினையின் வேகத்தை அடக்கக் கொஞ்சம் அமிலம் சேர்த்து, தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். வரும் கூழை உலர்த்தி, 450 டிகிரி உலையில் சுட்டால் அனடேஸ் பொடி.

அளவை எப்படி அறிவது? எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, எந்தக் கோணத்தில் எவ்வளவு கதிர் திரும்புகிறது என்று வரைபடம் வரைந்தால், அனடேஸுக்கு 25.3 டிகிரி கோணத்தில் ஒரு முகடு எழும். படிகம் சிறுக்கச் சிறுக்க முகடு அகலும். பாதி உயரத்தில் அகலம் 0.4 டிகிரி என்றால், முகட்டின் அகலத்திலிருந்து படிக அளவைக் கணக்கிடும் ஷெரர் சமன்பாட்டின்படி படிகம் ஏறக்குறைய 20 நானோமீட்டர். இது படிகத்தின் அளவுதான். பல படிகங்கள் ஒட்டிய கட்டியைக் காட்டிக்கொடுக்க எலெக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும்.

கூர்மையான முகடு வந்தால் வெற்றி என்று புதிதாக வரும் பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். ஒரு மாணவி துள்ளிக்கொண்டு வந்தாள்.

"சார், ஊசி மாதிரி வந்திருக்கு!"

பார்த்தேன். ஊசிதான். ஆனால் 27.4 டிகிரியில் நின்றது. அது ரூட்டைல், வேறு படிக வகை.

"உலையை எத்தனையில வெச்சம்மா?"

"எண்ணூறு, சார்."