டிரெய்லருக்கு அடியில்

நேயர்களுக்கு வணக்கம்.

ஆயுத பூஜையன்று எங்கள் பட்டறைக்கு வந்தால் பார்க்கலாம். டிராக்டருக்கு மாலை, வாழைக்கன்று, சந்தனம், எலுமிச்சம்பழம். பின்னால் நிற்கும் டிரெய்லருக்கு மிச்சமிருக்கும் குங்குமத்தில் ஒரு பொட்டு. வருடம் முழுக்கக் கவனிப்பும் அதே கணக்குத்தான். டிராக்டருக்கு எப்போது ஆயில் மாற்றினோம் என்பது மனப்பாடம். டிரெய்லர் பேரிங்குக்குக் கடைசியாக எப்போது கிரீஸ் வைத்தீர்கள் என்று கேட்டால் தலையைச் சொறிவார்கள். கரும்பு அரவை வரப்போகிறது. ஆலையிலிருந்து கரும்பு வெட்டு உத்தரவு கைக்கு வந்துவிட்டால் அப்புறம் பட்டறைப் பக்கம் வர யாருக்கும் நேரம் இருக்காது. அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

முதலில் சக்கரத்தின் நடுவே இருக்கும் ஹப். அதற்குள் இரண்டு பேரிங், உள்பக்கம் பெரியது, வெளிப்பக்கம் சிறியது. ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் கட்டையும் கொடுத்துவிட்டு, சக்கரத்தின் மேலே ஒரு கை, கீழே ஒரு கை வைத்து ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினாலோ, சுற்றிவிடும்போது மணல் அரைபடுவது போல் சத்தம் வந்தாலோ கழற்றித்தான் ஆக வேண்டும். பழைய கிரீஸ் மேலேயே புதியதை அப்பிவிட்டு மூடுவது வேலையே அல்ல. டீசலில் கழுவி, நன்றாகக் காயவிட்டு, உள்ளங்கையில் ஒரு குத்து கிரீஸ் எடுத்து, பேரிங்கின் அகலமான பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி இழுக்க வேண்டும். உருளைகளின் இடுக்கு வழியாக மறுபக்கம் கிரீஸ் பிதுங்கி வரும்வரை விடக் கூடாது. பேரிங்கை மாற்றினால், அது உட்கார்ந்து சுற்றும் வெளி வளையமான கப்பையும் சேர்த்து மாற்றுங்கள், கிரீஸ் வெளியே வராமல் தடுக்கும் ஆயில் சீலையும்தான்.

அப்புறம் அச்சு நுனியில் ஹப்பைப் பிடித்து நிறுத்தும் நட்டு. நல்ல பலசாலிகள்தான் இதைக் கெடுப்பார்கள். இருக்கிற பலத்தையெல்லாம் போட்டு இறுக்கினால் பேரிங் வெந்துவிடும். சக்கரத்தை ஒரு கையால் சுற்றிக்கொண்டே இறுக்கி, சுற்றுவது கனத்ததும் நட்டின் தலையில் இருக்கும் பள்ளங்களில் ஒரு பள்ளம் அளவு பின்னால் தளர்த்தி, நட்டு கழலாமல் காக்கும் காட்டர் பின்னைப் போடுங்கள். சக்கரம் தாராளமாகச் சுற்ற வேண்டும், ஆனால் ஆட்டம் இருக்கக் கூடாது. பின் புதியதாகவே இருக்கட்டும். பழையதை நிமிர்த்தி மறுபடி வளைத்தால் ஒடிந்துவிடும். மாட்டு வண்டிக்குக் கடையாணி எப்படியோ, இதற்கு அந்தப் பின் அப்படி.

வேலை முடிந்து முதல் நடையில் பத்துக் கிலோமீட்டர் ஓட்டியதும் நிறுத்தி, புறங்கையால் ஒவ்வொரு ஹப்பையும் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சரி. எல்லாச் சக்கரமும் ஒரே மாதிரி இருக்க, ஒன்று மட்டும் கையைச் சுட்டால் அங்கே சங்கதி இருக்கிறது. இன்னொன்று, ஓடி வந்த சூட்டோடு டிரெய்லரை ஏரியில் இறக்கிக் கழுவாதீர்கள். சூடான ஹப் சட்டென்று குளிரும்போது சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

சக்கர நட்டுகளை, கழற்றி மாட்டிய பிறகு ஐம்பது, நூறு கிலோமீட்டருக்குள் இன்னொரு முறை இறுக்க வேண்டும். நட்டைச் சுற்றித் துருக் கோடு வழிந்திருந்தால் அது தளர்ந்திருக்கிறது என்று பொருள். அப்படியே ஓட்டினால் நட்டுகள் இறுகும் சக்கரத் தகடான டிஸ்க்கின் ஓட்டை முட்டை வடிவத்துக்குப் போய்விடும். அதற்கு மேல் எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது, டிஸ்க்கைத்தான் மாற்ற வேண்டும்.

டயர் வாங்கும்போது பக்கவாட்டில் பார்த்தால் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. டயரின் மேல்கட்டை தேயாமல் நன்றாக இருக்கிறதே என்று பழைய டயரை வாங்குகிறவர்கள் இந்த எண்ணைப் பார்ப்பதே இல்லை. ரப்பர் தேயாமலே வெடிப்பு விடும். 7.50-16 டயரும் 9.00-16 டயரும் இரண்டுமே 16 அங்குல ரிம் அளவுதானே என்று ஒரே அச்சில் ஆளுக்கொன்று மாட்டியவர்களும் உண்டு. உயரம் வேறு, தாங்கும் எடை வேறு. பெட்டி ஒரு பக்கம் சாயும், பாரமெல்லாம் சின்ன டயர் தலையில் விழும்.

பிரேக்கைப் பற்றி நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன். பெரும்பாலான டிராக்டர்களில் பிரேக் பின்சக்கரங்கள் இரண்டில் மட்டும்தான். நம் பக்கத்து டிரெய்லர்கள் பலவற்றில் பிரேக்கே கிடையாது. இரண்டு டன் டிராக்டர் தன்னைப் போல் மூன்று, நான்கு மடங்கு எடையை அடக்க வேண்டும். புது டிரெய்லர் எடுப்பவர்கள் பிரேக் வைத்ததாகக் கேட்டு வாங்குங்கள், பணம் கூடுதல்தான். மற்றவர்கள் இதையாவது செய்யுங்கள்: ரோட்டுக்கு ஏறும் முன் இடது, வலது பிரேக் பெடல்களை இணைக்கும் கொண்டியைப் போட்டுவிடுங்கள். உழவுக்காகக் கழற்றியது அப்படியே கிடக்கும். ரோட்டில் அவசரத்துக்கு ஒரு பெடல் மட்டும் மிதிபட்டால் டிராக்டர் திரும்ப, பின்னால் வரும் பாரம் அதை மடக்கித் தள்ளிவிடும். இறக்கத்தில் டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவதும் கூடாது. எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். ஆலை வாசலில் வரிசையில் நிற்கும்போது சக்கரத்துக்கு முட்டுக்கட்டை கொடுங்கள். அந்தச் சொல்லுக்கு நல்ல பொருள் இருக்கிற ஒரே இடம் அதுதான்.

கடைசியாக, டிராக்டரையும் டிரெய்லரையும் கோத்து வைக்கும் இழுவைப் பின். ஒருமுறை பின் தொலைந்துபோய், அவசரத்துக்கு ஒரு பழைய போல்ட்டைச் செருகி அனுப்பினேன். நானேதான். மூன்று நடை தாங்கியது. நான்காவது நடையில், நல்லவேளையாக வயல் வரப்பில், அறுந்தது. டிரெய்லர் மூக்குக் குத்தி விழுந்த மாதிரி தலைகுப்புற நின்றது, கரும்பு முழுக்கச் சேற்றில். அந்தப் போல்ட் இன்னும் பட்டறைச் சுவரில் தொங்குகிறது. பின்னைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள், நடுவில் பள்ளம் விழுந்திருந்தால் மாற்றிவிடுங்கள். கீழ் நுனியில் பூட்டு ஊசி இருக்க வேண்டும், பக்கத்தில் பாதுகாப்புச் சங்கிலியும்.

இரண்டு சக்கர டிரெய்லர் வைத்திருப்பவர்கள் பாரத்தைப் பின்பக்கம் அதிகமாக ஏற்றினால் அது டிராக்டரின் பின்பக்கத்தையே மேலே தூக்கும், பிடிமானம் போய்விடும். கரும்பு பின்னால் நீட்டிக்கொண்டு விளக்கை மறைத்தால் கடைசிக் கட்டின் நுனியில் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஒன்றைக் கட்டித் தொங்க விடுங்கள்.

வணக்கம்.