'எல்லாம் இலவசம்': சுவரொட்டி சொன்னது உண்மையா?

முதல் உலகப் போர்க்கால அமெரிக்கச் சுவரொட்டிகளைப் பற்றிய பதிவைப் பார்த்துவிட்டு நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "'எல்லோரும் வருக, எல்லாம் இலவசம்' என்று படைவீரர்களை அழைத்தார்களே, உண்மையிலேயே இலவசமா? அப்படியானால் காசு யாருடையது?"

அந்த வாசகம் படைவீரர்களுக்கு ஓய்வு விடுதிகள் நடத்திய நைட்ஸ் ஆஃப் கொலம்பஸ் என்ற கத்தோலிக்க அமைப்புடையது. அவர்கள் சொன்னபடியே கொடுத்தார்கள். சிக்கல் ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ இளைஞர் சங்கத்துக்குத்தான். ராணுவம் கேட்டுக்கொண்டதால் பிரான்சில் படைகளுக்கான சிற்றுண்டிக் கடைகளை அவர்கள் ஏற்று நடத்தினார்கள். கடை என்றால் விலை உண்டு. ஊரில் நன்கொடை வாங்கியவர்கள் இங்கே சிகரெட்டுக்குக் காசு கேட்கிறார்களே என்று வீரர்கள் பொருமினார்கள். பாவம், அதிக வேலை செய்தவர்களுக்கே அதிகத் திட்டு! இரட்சணிய சேனை (சால்வேஷன் ஆர்மி) என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்போ 1917இல் பிரான்சில் டோனட் சுட்டுக் கொடுத்தே பெயர் வாங்கிவிட்டது. மாவு தேய்க்கக் கட்டை கிடைக்காமல் மதுப்புட்டியை உருட்டித் தேய்த்தார்களாம் அதன் பெண் தொண்டர்கள். எண்ணெய்ச் சட்டியின் மணத்துக்கு முன்னால் எந்தச் சுவரொட்டி நிற்கும்?

காசு பொதுமக்களுடையது. இதைப் புரிந்துகொள்ள, சுவரொட்டி யாரிடம் பேசுகிறது என்று பாருங்கள். 'எல்லோரும் வருக' என்பது வீரனிடம் பேசுகிறது. 'உங்கள் பிள்ளைக்காக' என்ற ஒய்.எம்.சி.ஏ. சுவரொட்டி வீட்டில் இருக்கும் பெற்றோரிடம் பேசுகிறது. முகம் தெரியாத ஒருவர் உங்கள் மகனைக் கவனித்துக்கொள்கிறார், நீங்கள் பணம் கொடுங்கள் என்பதுதான் அதன் பொருள். பெரும்பாலான சுவரொட்டிகள் இந்த இரண்டாம் வகைதான்.

ஒவ்வோர் அமைப்பும் தனித்தனியாக உண்டியல் குலுக்க வேண்டாம் என்று அதிபர் வில்சன் கேட்டுக்கொள்ள, 1918இல் ஏழு அமைப்புகள் ஒன்றுசேர்ந்து வசூலில் இறங்கின. முகாம்களுக்குப் புத்தகம் அனுப்பிய அமெரிக்க நூலகச் சங்கமும் அதில் ஒன்று. இலக்கு 17 கோடியே 5 லட்சம் டாலர்.

'எல்லோரும்' என்ற சொல்லையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். ராணுவமே அன்று நிறத்தால் பிரிந்து கிடந்தது. கறுப்பின வீரர்களுக்குப் பல முகாம்களில் தனி விடுதிதான். அதுவும் எல்லா இடத்திலும் இல்லை.

வசூல் தொடங்கிய நாள் எது தெரியுமா? 1918 நவம்பர் 11. அன்றுதான் போரே நின்றது. இனி எதற்குப் பணம் என்று மக்கள் கையை மடக்கிக்கொள்ளவில்லை. 20 கோடி டாலருக்கும் மேல் சேர்ந்தது. கப்பலுக்காக மாதக்கணக்கில் பிரான்சில் காத்துக்கிடந்த லட்சக்கணக்கான வீரர்களுக்கு அது தேவைப்பட்டது.